அக்கரைக்குச் சென்ற ஊர்ச் செய்தி

பிழைப்புக்காகக் கடல் கடந்த காக்காவுக்கு ஊரிலிருந்து தங்கை எழுதிய மடலில் என்ன இருந்தது? உம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது, ஆற்றில் என்றைக்குத் தண்ணீர் வந்தது, இந்தச் சம்பாவில் வயல் எத்தனை மூட்டை கண்டது, மாமி மகளுக்கு எந்த ஊரில் சம்பந்தம் பேசியிருக்கிறார்கள், மேலத்தெருவில் யார் மவுத்தானார்கள் என்பன போன்ற செய்திகள்தாம் இருந்தன. வரலாற்று நூல்கள் மரக்கலங்களைப் பேசுகின்றன; முத்தையும் துணியையும் மிளகையும் பேசுகின்றன; இச்செய்திகளைப் பேசுவதில்லை. ஆயினும் கடலின் இரு கரைகளிலும் பிரிந்து கிடந்த குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பமாக நிலைத்தமைக்கு இச்செய்திகளே காரணம்.

அவ்வரலாற்றைச் சிறிது திரும்பிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். ஊர்ச் செய்தி வெறும் பேச்சு அன்று. தூரத்தில் இருப்பவருக்கு உரிய அமானிதம் அது. அந்த அமானிதம் பேணப்பட்டபோது என்ன நேர்ந்தது, அறுந்தபோது என்ன நேர்ந்தது என்பதை நம் முன்னோரின் வாழ்வே நமக்குக் காட்டுகிறது.

உடன்பிறந்தாரும் செய்தியும்

திருக்குர்ஆனில் உடன்பிறந்தாரின் செய்தியைச் சுமந்து சென்ற ஒரு பெண்மணி வருகிறார். மூஸா (அலை) அவர்களைக் குழந்தைப் பருவத்தில் பேழையில் வைத்து ஆற்றில் விட்ட தாய், தம் மகளை அழைத்துத் தம்பியைப் பின்தொடரச் சொல்கிறார். அச்சிறுமி பிறர் அறியாவண்ணம் தொலைவில் நின்று கவனிக்கிறாள். தம்பி ஃபிர்அவ்னின் மாளிகையில் எவரிடமும் பால் குடிக்க மறுப்பதைக் காண்கிறாள். தக்க தருணத்தில் தக்க சொல்லைச் சொல்லித் தாயையும் பிள்ளையையும் சேர்த்து வைக்கிறாள். சூரா அல்கஸஸ் கூறும் இந்நிகழ்வில், பிரிந்த பிள்ளைக்கும் தவிக்கும் தாய்க்கும் இடையே பாலமாக நின்றவள் உடன்பிறந்தாளே.

இதற்கு நேர்மாறான காட்சி சூரா யூஸுஃபில் உள்ளது. தம்பியைக் கிணற்றில் தள்ளிய சகோதரர்கள், பொய்க் குருதி தோய்ந்த சட்டையோடு இரவில் அழுதுகொண்டே தந்தையிடம் வருகிறார்கள். அந்தப் பொய்ச் செய்தியால் விளைந்த துயரம் யஃகூப் (அலை) அவர்களின் கண்ணொளியைப் போக்கியது. பல்லாண்டுகளுக்குப் பின் அதே சகோதரர்கள் வழியாக யூஸுஃப் (அலை) அனுப்பிய மற்றொரு சட்டை உண்மைச் செய்தியைக் கொண்டுவர, போன பார்வை மீண்டது. ஒரு சட்டை பொய்யைச் சொன்னது. ஒரு சட்டை மெய்யைச் சொன்னது.

இஸ்லாத்தின் முதல் ஹிஜ்ரத்தும் இப்பாடத்தைத் தருகிறது. கி.பி. 615 அளவில் மக்காவிலிருந்து அபிசீனியா சென்ற முஸ்லிம்களிடம், குறைஷியர் இஸ்லாத்தை ஏற்றுவிட்டனர் என்றொரு செய்தி எட்டியது. அதை நம்பிச் சிலர் ஊர் திரும்பினர். மக்காவை நெருங்கிய பின்னரே அது பொய்யென்று தெரிந்தது. சிலர் ஒளிந்தும், சிலர் ஒரு தலைவரின் பாதுகாப்பைப் பெற்றும் ஊருக்குள் நுழைய வேண்டியதாயிற்று. தூரத்தில் இருப்பவர் தம் வாழ்க்கை முடிவுகளை ஊர்ச் செய்தியை நம்பியே எடுக்கிறார். செய்தி பிழையானால் அவர் பயணமும் பிழையாகிறது.

அபிசீனியாவிலேயே தங்கிவிட்டவர்களுள் அலீ (ரலி) அவர்களின் மூத்த சகோதரர் ஜஅஃபர் (ரலி) ஒருவர். அவர் ஹிஜ்ரி 7-இல், கைபர் வெற்றியின் வேளையில்தான் மதீனா வந்து சேர்ந்தார். எந்தக் காக்காவும் பத்தாண்டுகளுக்கு மேல் ஊர் காணாமல் இருந்த கதையைக் கேட்கும்போது, அந்த முதல் தலைமுறையிலும் அப்பிரிவு இருந்தது என்று நினைவுகூர்வது ஆறுதல் தரும்.

சபுராளிகளின் காலம்

தமிழகக் கரையோர முஸ்லிம்களுக்குக் கடற்பயணம் புதியதன்று. ஆயினும் குடும்பத்தைப் பிரிந்து நெடுநாள் அக்கரையில் தங்கும் வாழ்க்கை, 1786-இல் பினாங்கும் 1819-இல் சிங்கப்பூரும் ஆங்கிலேயர் வசமாகித் துறைமுகங்களாக வளர்ந்தபோது பெருகியது. பினாங்கில் காதர் முகைதீன் என்னும் வணிகத் தலைவர் பெயரோடு இணைந்த கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும், சிங்கப்பூரில் சூலியா ஜாமிஆப் பள்ளியும், இரு ஊர்களிலும் எழுந்த நாகூர் தர்கா நினைவிடங்களும் அக்காலத்தின் சாட்சிகள். பர்மாவுக்கும் இலங்கைக்கும் சைகோனுக்கும் சென்றோர் இன்னும் பலர். இவ்வாறு சபர் சென்றவரைச் சபுராளி என்று ஊர் அழைத்தது.

காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் வீடு பெண்மக்களுக்கு உரியதாக இருந்தது; மணமுடித்த ஆண் மனைவியின் வீட்டில் வாழ்ந்தான். எனவே பிறந்த வீட்டின் சாவியும் பெற்றோரின் முதுமையும் சகோதரியின் கையில் இருந்தன. காவிரிப் படுகையின் கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம், ராஜகிரி முதலிய ஊர்களிலும் அவற்றைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் வழக்கம் வேறுபட்டது. எனினும் ஆண்கள் சபரில் இருக்க, வயலையும் வீட்டையும் பெண்களும் முதியவர்களும் பார்த்துக்கொண்டதில் வேறுபாடு இல்லை.

முதலில் மடல்கள் மனிதர் கையில் சென்றன. ஊருக்குத் திரும்பும் சபுராளி ஒருவர், தெருவில் பாதிப் பேருக்கு மடலும் துணியும் தைலமும் கொண்டுவருவார்; மீண்டும் போகும்போது தெருவே அவர் வீட்டுத் திண்ணையில் மடலோடு நிற்கும். பின்னர் அஞ்சல் வந்தது. 1854-இல் இந்தியாவுக்குள் தூரம் எதுவாயினும் ஒரே கட்டணம் என்ற முறை ஏற்பட்டது. 1876-இல் இந்தியாவும் அடுத்த ஆண்டில் மலாக்கா நீரிணைக் குடியேற்றங்களும் பன்னாட்டு அஞ்சல் ஒன்றியத்தில் சேர்ந்தன. 1880-இல் மணியார்டர் அஞ்சலகத்தின் பணியாயிற்று. தபால்காரர் பணத்தையும் செய்தியையும் ஒரே பையில் கொண்டுவந்தார்.

1887-இல் சி. கு. மகுதூம் சாயபு அவர்கள் சிங்கப்பூரில் ‘சிங்கை நேசன்’ என்னும் தமிழ் வார இதழைத் தொடங்கினார்கள். அக்கரையில் தமிழ் வாசிக்கும் ஒரு கூட்டம் உருவாகிவிட்டது என்பதற்கு அது சான்று. ஆனாலும் உம்மாவின் முழங்கால் வலியை எந்த இதழும் அச்சிடாது. அதைச் சொல்ல உடன்பிறந்தார் ஒருவர் ஊரில் இருக்க வேண்டும்.

பெண்களின் கையெழுத்து

எழுதத் தெரியாத வீடுகளில் மடல் எழுதும் பணி பள்ளி லெப்பையிடமோ, படித்த அண்டை வீட்டுப் பிள்ளையிடமோ சென்றது. வந்த மடலைப் படித்துக் காட்டுவதும் அவர்களே. இதனால் மடலில் ஒரு கட்டுப்பாடு புகுந்தது. மூன்றாமவர் காதில் விழக்கூடாத செய்தி எழுதப்படாமலே நின்றது. இவ்விடம் யாவரும் நலம் என்ற வாய்பாட்டுக்குள் எத்தனையோ கண்ணீர் அடங்கிப்போயிற்று.

இக்கட்டைத் தளர்த்தியது அரபுத் தமிழ். தமிழ்ச் சொற்களை அரபு எழுத்துகளால் எழுதுவதும், அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்குப் புள்ளிகள் இட்ட புதிய எழுத்துகளை அமைத்துக்கொள்வதும் அதன் முறை. கீழக்கரை இமாமுல் அரூஸ் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்கள் போன்ற பெரியோர் மார்க்க நூல்களையே இவ்வெழுத்தில் இயற்றினர். பெண்களுக்குப் பள்ளிக்கூடம் எட்டாத அக்காலத்தில், குர்ஆன் ஓத வீட்டுத் திண்ணையிலும் உஸ்தாது பீவியின் வீட்டிலும் எழுத்துக் கற்ற சிறுமி, அதே எழுத்தால் தன் தாய்மொழியையும் எழுத வல்லவளானாள். தமிழ் நெடுங்கணக்கு அறியாதவள் என்று கணக்கெடுப்பில் எழுத்தறிவற்றோர் பட்டியலில் அவள் சேர்க்கப்பட்டிருக்கலாம். அவள் காக்காவோ மாதந்தோறும் அவள் கைப்பட எழுதிய மடலைப் படித்துக்கொண்டிருந்தார்.

மார்க்கம் கற்பித்த எழுத்து இரத்த உறவைக் காத்தது என்பதில் நமக்கு ஒரு படிப்பினை உண்டு. இன்று நம் வீட்டுப் பெட்டகங்களில் அத்தகைய மடல்கள் இன்னும் கிடக்கின்றன. பேரப் பிள்ளைகள் அவற்றை ஏதோ துஆ எழுதிய தாள் என்று கருதிப் பத்திரப்படுத்துகிறார்கள், அல்லது புதைத்துவிடுகிறார்கள். அதில் இருப்பது பூட்டியின் குரல் என்பதை அறிவார் குறைந்துவிட்டனர்.

கம்பி வழியே வந்த மவுத்துச் செய்தி

1870-இல் சென்னையிலிருந்து பினாங்குக்கும் அங்கிருந்து சிங்கப்பூருக்கும் கடலடித் தந்திக் கம்பி போடப்பட்டது. கப்பல் மடல் கடக்க நாட்கள் பிடித்த கடலைச் செய்தி மணிக்கணக்கில் கடந்தது. ஆனால் சொல்லுக்குச் சொல் காசு. ஆகவே மவுத்தும் கடும் நோயும் தவிர வேறெதற்கும் எளியவர் தந்தி அடிப்பதில்லை. தந்திக்காரரைத் தெருமுனையில் கண்டதும் அழுகை தொடங்கும் வழக்கம் இதனால் வந்தது. 2013 ஜூலையில் இந்தியத் தந்திச் சேவை முடிவுற்றபோதும் முதியோர் மனத்தில் அந்த அச்சமே முதலில் எழுந்தது.

பெற்றோரின் மவுத்துச் செய்தியைக் கடலுக்கு அப்பால் பெற்றவர் என்ன செய்வார்? அபிசீனிய மன்னர் நஜ்ஜாஷி இறந்த நாளிலேயே நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் அதை அறிவித்து, தோழர்களை அணிவகுக்கச் செய்து தொழுகை நடத்திய செய்தி ஸஹீஹான ஹதீஸ்களில் உள்ளது. இதை ஆதாரமாகக் கொண்டு ஷாஃபியீ மத்ஹபினர் காயிப் ஜனாஸாத் தொழுகையை அனுமதிக்கின்றனர். ஹனஃபி மத்ஹபினர் அதனை நஜ்ஜாஷி அவர்களுக்கே உரிய சிறப்பாகக் கருதுகின்றனர். எனவே அக்கரையில் ஒரே கடைத்தெருவில் வாழ்ந்த இருவருள், ஷாஃபியீயான கீழக்கரைக்காரர் தம் உம்மாவுக்குக் காயிப் தொழுகை நடத்தச் சொல்வார். ஹனஃபியான ராவுத்தர் துஆவும் தர்மமும் செய்து அமைவார். முறை வேறாயினும் இருவருக்கும் முதல் தேவை ஒன்றே: ஊரில் இருப்பவர் உடனே, உண்மையாகச் சொல்ல வேண்டும்.

மடல் நின்ற மூன்றரை ஆண்டுகள்

செய்தியின் மதிப்பை நம் ஊர்கள் முழுமையாக உணர்ந்தது அது நின்றபோதுதான். 1941 டிசம்பரில் ஜப்பானியர் பினாங்கைக் குண்டுவீசித் தாக்கிக் கைப்பற்றினர். 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. அடுத்த மாதம் ரங்கூன் வீழ்ந்தது. கப்பலும் அஞ்சலும் தந்தியும் ஒருசேர நின்றன. பர்மாவிலிருந்து பலர் காடும் மலையும் நடந்து அஸ்ஸாம் வழியாக இந்தியா சேர முயன்றனர். வழியிலேயே மடிந்தோர் ஏராளம். மலாயாவில் சிக்கிய தமிழர் பல்லாயிரவர் சயாம்–பர்மா ரயில் பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். திரும்பாதோர் அவர்களிலும் மிகுதி.

1945 செப்டம்பர் வரை ஊரில் இருந்த குடும்பத்துக்கு, தம்மவர் இருக்கிறாரா இல்லையா என்பதே தெரியாது. மணியார்டர் நின்ற வறுமை ஒருபுறம். இத்தா இருப்பதா, காத்திருப்பதா என்ற கேள்வி மறுபுறம். நம் ஃபிக்ஹ் நூல்கள் இத்தகையவரை மஃப்கூத் என்று குறிக்கின்றன. ஒருவர் பங்குள்ள சொத்தைப் பிரிக்கும்போது அவர் காணாமற்போனவராக இருந்தால், அவர் நிலை தெளியும்வரை அவர் பங்கை ஒதுக்கி வைக்க வேண்டும் என்பது அந்நூல்களின் விதி. எழுத்தும் இல்லை, குரலும் இல்லை என்றாலும் அவருடைய உரிமை அழிவதில்லை.

அவருடைய மனைவியின் நிலையில் ஹனஃபிச் சட்டம் மிக நெடிய காத்திருப்பைக் கோரியது. அக்கடுமையால் பெண்கள் படும் துன்பத்தைக் கண்ட மவ்லானா அஷ்ரஃப் அலீ தானவீ போன்ற ஆலிம்கள், நான்கு ஆண்டுகள் என்னும் மாலிகீ மத்ஹபின் கருத்தைத் தேவை கருதி ஏற்கலாம் என 1930-களில் எழுதினர். 1939-ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம் அதையொட்டி அமைந்தது. நான்கு ஆண்டுகள் கணவரைப் பற்றிய தகவலே இல்லையெனில் மனைவி தீர்ப்புக் கோரலாம். தீர்ப்பு ஆறு மாதம் கழித்தே நடைமுறைக்கு வரும். அதற்குள் அவர் வந்து கடமையாற்ற முன்வந்தால் அது நீங்கும். இவ்வழக்கில் கணவரின் சகோதரர் இருந்தால், அவர் வாரிசாக இல்லாவிட்டாலும் கட்சியாகச் சேர்க்கப்பட வேண்டும் என்றும் அச்சட்டம் கூறுகிறது. காணாமற்போனவரைப் பற்றி அறிந்திருக்க வேண்டியவர் உடன்பிறந்தவர் என்ற மக்களின் எதிர்பார்ப்பு, சட்டத்தின் வாசகத்திலும் இவ்வாறு இடம்பெற்றது.

எழுதப்படாத செய்தி

அஞ்சல் தடையின்றி ஓடிய காலத்திலும் ஒரு செய்தி மட்டும் பல மடல்களில் இடம்பெறாமல் போனது. அது பாகத்தின் செய்தி.

1937-ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் முஸ்லிம்களின் வாரிசுரிமைக்கு மார்க்கச் சட்டத்தை வகுத்தபோது விவசாய நிலத்தை விலக்கி வைத்தது. நஞ்செய் நிலமே சொத்தாக இருந்த சிற்றூர்களில் இவ்விலக்கு சிறியதன்று. 1949-இல் சென்னை மாகாணம் கொண்டுவந்த திருத்தம் விவசாய நிலத்தையும் சட்டத்துக்குள் கொணர்ந்தது. ஆண்களுக்கும் பங்குண்டு, பெண்களுக்கும் பங்குண்டு, சொத்து குறைவாயினும் நிறைவாயினும் அது விதிக்கப்பட்ட பங்கு என்று சூரா அந்நிஸா சொல்லிப் பதின்மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலான பின், அரசின் ஏடும் வயற்காட்டில் அதை ஏற்றது.

ஏடு ஏற்றாலும் பங்கு தானே கைக்கு வந்துவிடாது. வாப்பா மவுத்தான செய்தி தந்தியில் போகும். வாப்பாவின் நிலம் யார் பெயருக்கு மாறியது என்ற செய்தி மடலிலும் போகாது. அக்கரையில் இருப்பவருக்குத்தான் குறை என்ன, அவருக்கு எதற்கு இந்த ஒரு மா நிலம் என்று ஊரில் இருப்பவர் எண்ணுவார். மறுபுறம், நான்தானே பணம் அனுப்பி நிலத்தை மீட்டேன், தங்கைக்கு நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாயிற்றே என்று அக்கரையில் இருப்பவர் எண்ணுவார். மணமாகிப் பினாங்கிலும் கொழும்பிலும் வாழ்ந்த சகோதரிகளுக்கு வெற்றுத் தாளில் கையொப்பம் கேட்டு மடல் போன வீடுகளும் உண்டு. பொய் சொல்லாமலே, சொல்லாமல் விட்டதால் மட்டும் உறவு அறுந்த குடும்பங்கள் எத்தனை என்பதை ஒவ்வோர் ஊரின் முதியவரும் அறிவார்.

குரல் வந்த பின்

1926 முதல் 1973 வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடிய ரஜூலா கப்பல் நின்றது. அடுத்து வந்த சிதம்பரம் கப்பல் 1985-இல் தீவிபத்துக்குள்ளாகிச் சேவையிலிருந்து மறைந்தது. அதற்குள் நம் பயணத் திசை வளைகுடாவை நோக்கித் திரும்பிவிட்டது. துபாயிலிருந்தும் ஜித்தாவிலிருந்தும் வந்த டேப் ரெக்கார்டர், எழுதப் படிக்க அறியாத உம்மாவின் குரலை முதன்முறையாகக் கடல் கடக்கச் செய்தது. கேசட்டில் பேசி முடித்து, யாரேனும் ஊருக்கு வந்து போகிறவரிடம் கொடுத்தனுப்பினார்கள். பழைய சபுராளியின் மடற்பொதி மீண்டும் உயிர்பெற்றது போலவே இருந்தது. பின்னர் எஸ்.டி.டி. பூத் வந்தது, இன்று வாட்ஸ்அப் முகத்தையே காட்டுகிறது.

செய்தி வரும் விரைவு கூடியிருக்கிறது. அதன் உள்ளடக்கம் கூடியிருக்கிறதா என்று நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். அன்றைய தங்கை, கப்பல் புறப்படும் நாளைக் கணக்கிட்டு, ஒரு மாதச் செய்தியை மனத்தில் சேர்த்து, எதைச் சொல்வது, எப்படிச் சொல்வது என்று சிந்தித்து எழுதினாள். இன்று நாள்தோறும் ஸலாமும் படமும் பரிமாறுகிறோம். மருத்துவர் உம்மாவைப் பற்றிச் சொன்னதையும், அடகு வைத்த பத்திரத்தையும், மருமகளின் மனக்குறையையும் மட்டும், அவர் அங்கே கவலைப்படுவார் என்று மறைக்கிறோம். கவலைப்படுவதும் துஆச் செய்வதும், முடிந்தால் அடுத்த விமானத்தில் வந்து கடைசி முறையாக முகம் பார்ப்பதும் அவருடைய உரிமைகள் அல்லவா? சலுகை காட்டுவதாக எண்ணி அவருடைய உரிமையை நாம் எடுத்துக்கொள்கிறோம்.

இரத்த உறவைச் சேர்ந்து வாழ்பவருக்கு வாழ்வாதாரத்தில் விரிவும் ஆயுளில் நீட்சியும் உண்டென நபி (ஸல்) அவர்கள் நற்செய்தி கூறியுள்ளார்கள். தூரத்தில் இருக்கும் உடன்பிறப்பிடம் அக்கடமையை நிறைவேற்றச் செய்தியே வழி. ஆகவே சில நற்பழக்கங்களை நம் குடும்பங்களில் மீட்டெடுப்போம். பெற்றோரின் உடல்நிலையை உள்ளபடி, மென்மையான சொற்களால், காலம் தாழ்த்தாமல் சொல்வோம். நிலம், வீடு, கடன் ஆகியவற்றில் எந்த மாற்றம் நிகழ்ந்தாலும் எல்லா உடன்பிறந்தாருக்கும் ஒரே நாளில், ஒரே வாசகத்தில், எழுத்தில் தெரிவிப்போம். சகோதரிகளை அதில் விட்டுவிடாதிருப்போம். மவுத்து நேர்ந்தால் பாகம் பிரிக்கும் பேச்சை ஆலிம் ஒருவர் முன்னிலையில், அயலில் இருப்பவரும் கேட்கும்படி நடத்துவோம். வீட்டில் அரபுத் தமிழ் மடல்கள் இருந்தால், படிக்கத் தெரிந்த முதியவர் உயிரோடு இருக்கும்போதே படிக்கச் செய்து குரலைப் பதிந்து வைப்போம்.

பேழையைப் பின்தொடர்ந்த அச்சகோதரியின் விழிப்பை நம் வீட்டுச் சகோதர சகோதரிகளுக்கும் அல்லாஹ் வழங்குவானாக! அக்கரையில் இருப்பவர்களையும் இக்கரையில் இருப்பவர்களையும் உண்மையாலும் அன்பாலும் சேர்த்து வைப்பானாக! ஆமீன்.